கூரையில் உருகிய வட்டங்கள்

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் எங்கள் ஊரில், பனிக்காலம் வந்தால் வீட்டின் யோக்கியதையைக் கூரையே சொல்லிவிடும். பனி அசையாமல் படுத்திருந்தால் வீட்டுச் சூடு வீட்டுக்குள் இருக்கிறது. திட்டுத்திட்டாக உருகியிருந்தால் காசு ஆகாயத்துக்குப் போகிறது. ஊரே பார்க்கும்.

ஓனி சல்மேலா எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். பரண் பரணாகத் தவழ்ந்து, சூடு வெளியேறாமல் பஞ்சு பரப்பி, சந்து அடைத்து, யார் தயவுமில்லாமல் முன்னுக்கு வந்தவன். அப்படிப்பட்டவன் மீசையை முறுக்கினால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவன் சர்ச்சுக்குப் போகும் வழியெல்லாம் அடுத்தவன் கூரையைக் காட்டிச் சிரித்தான்.

மனைவி லெம்பி ஆசைப்பட்டாளென்று சமையலறை உட்கூரையில் துளை போட்டுக் குழிவிளக்குகள் பதித்தான். விளக்குச் சூடு படக்கூடாதென்று பஞ்சை விலக்கிவிட்டான். பரணில் ஏறி விளக்குகள் மேல் பெட்டி கவிழ்த்து, சந்து அடைய விளிம்பில் நுரை அடிக்கும் வேலையை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான்.

முதல் பெரும்பனி விழுந்தது. அவன் கூரையில் தோசைக்கல் அகலத்துக்கு வட்டவட்டமாய் உருகியிருந்தது. அன்றைக்குத்தான் சர்ச் மண்டபப் பரண் வேலையைப் பேச, சர்ச் நிர்வாகத்திலிருக்கும் ஐலா வருவதாக இருந்தது. ஓனி நீளக் கழி வாருகோலை எடுத்துக் கூரைப் பனி முழுவதையும் இழுத்துத் தள்ளினான்.

எதிர்வீட்டு வெய்க்கோ கவனித்தான்.

"என்னப்பா, சூடு ஒழுகுற வீட்டுக்காரன்தான் கூரைய வாருவான்னு நீதானே சொன்ன?"

"பாரம் ஜாஸ்தியா இருக்கு."

"உன் வாய் பாரத்தையே தாங்குற கூரை, இதத் தாங்காதா?"

ஐலா வந்து இறங்கினாள். மொட்டைக் கூரையைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். ஓனியால் நிமிர முடியவில்லை. "மேல ஒரு வேலை இருக்குக்கா," என்று முனகிவிட்டுப் பரணுக்கு ஏறினான்.

அடைக்காத விளிம்பு வழியே சூடு மட்டுமா வரும்? சமையலறைப் பேச்சும் தெளிவாக வந்தது.

"எங்க கூரையப் பாத்து, உள்ள சூப் கொதிக்குதான்னு கேட்டவரு உன் வீட்டுக்காரரு," என்றாள் ஐலா.

"விளக்கு கேட்டது நான்தான்க்கா. எனக்கே கூச்சமா இருக்கு."

"நீ ஏம்மா கூசுற? வேலை தெரிஞ்சவரு அவருதானே."

ஓனிக்குக் காது சுட்டது. சந்தில் வாய்வைத்துச் சொன்னான்: "அக்கா, மண்டப வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுங்க."

கீழே கரண்டிச் சத்தம் நின்றது.

"மொதல்ல உன் ஓட்டைய அடை, தம்பி. அப்புறம் கீழ வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

ஒவ்வொரு விளக்கின் மேலும் பெட்டி கவிழ்த்தான், விளிம்பெல்லாம் நுரை அடித்தான், பஞ்சை மேலே இழுத்துவிட்டான். கீழ்ப்பேச்சு மேலே எட்டாமல் அடங்கிப்போனது. அவள் கார் கிளம்பும் சத்தம் வருமென்று படுத்தபடியே காத்திருந்தான். வரவில்லை. முகத்துத் தூசியைக்கூடத் துடைக்காமல் ஏணியில் காலை வைத்தான்.