மண்டபத்தில் மட்டும் கேட்கும் காது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருடமாகக் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போடுகிறேன், சுடுகாட்டை ஒட்டிய இடத்தில்கூடத் தனியாக ஒயர் சுருட்டியிருக்கிறேன், ஒன்றும் வந்ததில்லை. நம்பினால் நம்புங்கள், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் என் இடது காது முழுதாகப் போய்விட்டது. மனைவி மல்லிகாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒற்றைக் காதுக்காரனை நம்பி யார் கச்சேரியைக் கொடுப்பார்கள்?

எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் கடலை ஒட்டிப் பல வருடம் பூட்டிக் கிடந்த இசை மண்டபத்தைப் புதுப்பித்தார்கள், சவுண்டு பார்க்க என்னை எடுத்தார்கள். முதல் கச்சேரிக்கு முந்தின நாள், பட்டப்பகல் மூன்று மணி. மேடையில் தேவி என்கிற பெண் மைக்கில் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு காதாகப் பொத்திச் சவுண்டு பார்க்கிற பழைய பழக்கத்தில் வலது காதைப் பொத்தினேன். தேவியின் குரல் நின்றுவிட்டது. ஆனால் இடது காதில் மண்டபம் நிறைய ஆட்கள், நாற்காலி இழுபடுகிறது, யாரோ இருமுகிறார்கள், ஒரு பெண் மெல்லச் சிரிக்கிறாள். கண்ணெதிரே அத்தனையும் காலி நாற்காலிகள்.

கையை எடுத்தேன்.

"அண்ணே, ஓகேயா? ஏன் அழுறீங்க?" என்றாள் தேவி.

பயமில்லை, சந்தோஷம். காது திரும்பிவிட்டதென்றே நினைத்தேன். போன் போட்டதும் மல்லிகா ஓடி வந்தாள். என் வலது காதைத் தன் கையாலேயே பொத்தி, இடப்பக்கம் நின்று பேசினாள். உதடு மட்டும் அசைந்தது. அவளுக்குப் பின்னால், யாருமில்லாத இடத்தில், யாரோ தொண்டையைச் செருமியது கேட்டது.

அன்றிலிருந்து அப்படித்தான். உயிரோடு எதிரில் நிற்பவர் யார் பேசினாலும் அந்தக் காதில் விழாது. இல்லாதவர்களின் சத்தம் மட்டும் கேட்கும், அதுவும் மண்டபத்துக்குள் மட்டும். கெட்டுப்போன காது சில சமயம் தானாகச் சத்தம் போடும் என்று டாக்டர் சொன்னார். அந்தச் சமாதானத்தில் வேலையை விடாமல் இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை மல்லிகா மண்டபத்துக்குச் சோறு கொண்டுவந்தாள். விளையாட்டாக மறுபடி வலது காதைப் பொத்தி, இடது காதருகே குனிந்தாள்.

"சோறு ஆறுது லா, சாப்பிட வாங்க."

"வரேன்," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"கேட்டுச்சாங்க? நான் பேசினது கேட்டுச்சா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் கை சூடாகத்தான் இருந்தது.

ஏதோ சாக்குச் சொல்லி அவளை மெடிக்கல் செக்கப்புக்குக் கூட்டிப்போனேன். ஒரு குறையும் இல்லையாம். அவளுக்கோ என் காது திரும்பிய சந்தோஷம் தாங்கவில்லை, இன்று காலை என் பேருக்கு அர்ச்சனை செய்யக் கிளம்பினாள்.

"உன் பேருக்குச் செய்," என்றேன்.

ஏன் என்று கேட்டாள்.