கனத்தில் மட்டும் தளரும் நூல்

விரல்கள் பட்டையைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைத் தடவின. மேலே தையல் கோடு போட்ட மாதிரி நேராகத்தான் இருந்தது. அடியில் நூல் சின்னச் சின்ன வளையங்களாகத் தொங்கியது. சுண்டுவிரல் நகம் ஒரு வளையத்துக்குள் நுழைந்து இழுத்தது. நூல் எந்தப் பிடிமானமும் இல்லாமல் நீண்டுகொண்டே வந்தது. விரல்கள் அதை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடின.

டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒற்றை அறையில் நைலான் தைப்பவளைத் தெருவில் ‘கனம்’ என்பார்கள். ஆள் ஒடிசல். எதிரெதிராகப் போட்ட இரண்டு மெஷின்களில் லாரி பெல்ட், தூக்குப் பட்டை, தார்ப்பாய் விளிம்பு என்று கனமான வேலையெல்லாம் அவளுடையது. எதிரில் இருந்த தங்கைக்குப் பையின் உள்துணியும் ஜிப்பும். தங்கை நல்ல பருமன். அவள் பெயர் ‘மெல்லிசு’. புதிதாக வருகிறவர்கள் ஆளைப் பார்த்துக் குழம்பி வேலையை மாற்றிக் கொடுப்பார்கள். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் பல வருஷம் சிரித்தார்கள்.

மெல்லிசு இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். “குழந்தை நடக்க ஆரம்பிச்சதும் வந்துடறேங்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தை ஓடவே ஆரம்பித்துவிட்டது.

போன வாரம் கனத்தின் மெஷினில் மோட்டார் புகைந்தது. அதைக் கழற்றிக் காயில் கம்பி புதிதாகக் கட்டக் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் தங்கையின் நாற்காலியில் உட்கார்ந்து தங்கையின் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியவை. அதே ஊசி, அதே நூல். ஆனால் இது அடியில் வளையம் போட்டது.

வேலை சாதாரண வேலை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்திருப்பாள். வேன் டிரைவர் ஒருவர் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுநாள் காலை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். படுக்கையிலிருந்து அவரை நாற்காலிக்குத் தூக்கி மாற்ற உத்தரத்தில் ஒரு கப்பி மாட்டியாகிவிட்டது. அதில் தொங்கப்போகிற தூக்குத் தொட்டில்தான் இது. உடம்பின் எடை முழுவதும் நான்கு மூலைகளில் இருக்கும் கைப்பிடிப் பட்டைகளில் இறங்கும். அந்த மூலைகளில்தான் வளையம் விழுந்தது.

மத்தியானம் டிரைவரின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“முடிஞ்சுதாக்கா?”

“முடிஞ்சா நானே கூப்பிட மாட்டேனா?”

“பாக்க முடிஞ்ச மாதிரிதானே இருக்கு. தையல் நல்லாத்தானே விழுந்திருக்கு?”

“மேல பாக்காத. திருப்பிப் பாரு.”

அவள் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் இழுத்தும் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“அவரு பூனைக்குட்டி இல்லக்கா. எம்பது கிலோ. கீழ விட்டுட்டா மறுபடி தூக்க என்னால ஆகாது. வீட்ல நான் ஒருத்திதான்.”

“தெரியும்மா. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வா.”

அவள் போனதும் கனம் தைத்த மூலைகளை வெட்டி ஓரமாகப் போட்டாள். நைலான் பட்டையில் பிரித்த இடத்திலேயே மறுபடி தைத்தால் ஓட்டை மேல் ஓட்டை விழுந்து பட்டை தன் பலத்தை இழந்துவிடும். ரோலில் மிச்சம் இருந்தது இன்னொரு தடவைக்கு மட்டும்தான் வரும். அதை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். காரணம் தெரியாமல் அதைத் தொடக் கூடாது.

அடியில் வளையம் விழுந்தால் புதிதாகத் தைப்பவர்கள் கீழே அடிநூல் சுற்றிய பாபினைத் திருகுவார்கள். அது தப்பு. அடியில் தொங்குவது மேல் நூல். மேலே பிடி போதாததால் கீழே போய்த் தொங்குகிறது. அவள் மேல் நூலை முழுவதும் உருவி மறுபடி கோத்தாள். நூலைக் கவ்வும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே துணித்துண்டை விட்டு இழுத்தாள். மெழுகும் பிசிறும் கொஞ்சம் வந்தன. ஊசியை மாற்றினாள். பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு உதறிப் பார்த்தாள். விரலளவு இறங்கி நின்றது, சரி. பிறகு இரண்டு மடிப்புத் துண்டில் தைத்தாள். அருமையான தையல். முடிச்சு பட்டைக்கு நடுவில் புதைந்து, மேலும் கீழும் ஒன்றாக இருந்தது.

வெட்டிப் போட்ட மூலை ஒன்றை எடுத்து, நான்கு மடிப்பு சேரும் இடத்தில் தைத்தாள். வளையம்.

டென்ஷன் திருகை இறுக்கினாள். மெல்லிய இடத்தில் பட்டை சுருங்கியது. இன்னும் இறுக்கியதும் நூல் அறுந்தது. கனத்தில் வளையம் அப்படியே இருந்தது.

“பிடி” என்றாள் சத்தமாக. நீளப் பட்டை மெஷினுக்குப் பின்னால் வழியும்போது எதிரில் இருப்பவள் அதைப் பிடித்துக்கொள்வது வழக்கம். பட்டை தரையில் சரிந்தது. எழுந்து போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பட்டையை அதன் மேல் கிடத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மோட்டாரை நிறுத்திவிட்டு யோசித்தாள். துண்டில் சரி, மூலையில் தப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் உயரம் மட்டும்தான். பட்டையை அழுத்தும் பாதத்தை மெல்லிய இடத்தில் இறக்கிவிட்டு, ஊசிக்குப் பக்கத்தில் நூலைக் கையால் இழுத்தாள். கெட்டியாக வந்தது. பட்டையை நகர்த்திப் பாதத்தை நான்கு மடிப்பின் மேல் ஏற்றி அதே நூலை இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

பாதத்தைத் தூக்கினால் தட்டுகள் திறந்து நூலை விட்டுவிடும். துணியை வெளியே எடுக்க அது வேண்டும். இங்கே பட்டையின் கனமே பாதத்தைத் தூக்கியது. ஆனால் அந்தச் சின்ன உயரத்துக்குத் தட்டுகள் திறக்கக் கூடாது. அவள் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். பாதத்தைத் தூக்கும் மிதியிலிருந்து மேலே போகும் சங்கிலி விறைப்பாக நின்றது. கொஞ்சமும் தொய்வில்லை. திறக்கும் தறுவாயிலேயே எப்போதும் நின்றிருக்கிறது. மெல்லிய வேலையில் அது தெரியவே இல்லை. இந்த மெஷினில் கனமான பட்டையை யாரும் தைத்ததே கிடையாது.

மெல்லிசுக்கு இடது கால் குட்டை. மிதி எட்டாமல், சங்கிலியைச் சில கண்ணிகள் மேலேற்றி மாட்டி, நழுவாதபடி சிவப்பு நூலால் சுற்றிக் கட்டியிருந்தாள். உருவாஞ்சுருக்கும் அதன் மேல் ஒரு முடிச்சும், அவள் கட்டுகிற மாதிரியே.

கனம் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“என்னக்கா, இந்த நேரத்துல? ஏய், அதை வாயில வைக்காத! ஒன்ன இல்லக்கா, இவள.”

“ஒன் மெஷின்லதான் தச்சிட்டிருக்கேன்.”

“என்ன சொல்றான் என் மாப்ள?” மெஷினை அவள் அப்படித்தான் சொல்வாள்.

“அடம் பிடிக்கிறான். ஒன் மிதிச் சங்கிலி ரொம்ப இறுக்கம்டி. கனத்துல நூலை விட்டுடுது.”

“அட ஆமா. அதை அன்னிக்கு மேல ஏத்திக் கட்டினேன்ல?” குழந்தை எதையோ தட்டிவிடும் சத்தம் கேட்டது. “சரி, இறக்கி விட்டுக்கோ. அதுக்கா போன் பண்ண?”

“ஒன் காலுக்குக் கட்டினதாச்சே.”



“அறுத்துடுக்கா” என்றாள் மெல்லிசு. “வந்தா மறுபடி கட்டிக்கலாம்.”

“ம். கட்டிக்கலாம்.”

“சாப்பிட்டியா?”

“ஆச்சு.” சாப்பிடவில்லை.

அவள் சிவப்பு நூலை அறுத்தாள். சங்கிலி சில கண்ணிகள் இறங்கித் தொய்வாக ஆடியது. திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து வெட்டிய மூலையில் தைத்துத் திருப்பினாள். அடிப்பக்கத்தை நகத்தால் கீறினாள். நகம் வழுக்கியது, பிடித்து இழுக்க எதுவும் இல்லை. அதன் பிறகுதான் மேல்தட்டிலிருந்து ரோலை எடுத்தாள்.

மூலைக்கு மூலை கட்டம் போட்டு, குறுக்கே பெருக்கல் குறி போட்டு, நிதானமாகத் தைத்தாள். ஒவ்வொன்றையும் முடித்த கையோடு திருப்பிப் பார்த்தாள். பட்டையின் நுனிகளை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கி அடைத்தாள்.

தூக்கு வேலை எதுவானாலும் ஒருத்தி உட்கார, மற்றவள் தையலைப் பார்ப்பாள். உட்காருவது எப்போதும் மெல்லிசுதான். “என்னைத் தாங்கினா ஊரையே தாங்கும்” என்பாள். இன்று கனம் தொட்டிலை இரும்பு விட்டத்தில் மாட்டினாள். டயர் கடையிலிருந்து வாங்கிவந்த, பழைய மோட்டார்களும் இரும்புத் துண்டுகளும் நிறைந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தானே ஏறி உட்கார்ந்தாள். பாதங்கள் தரையைவிட்டு எழும்பின. தொட்டில் மெதுவாகத் திரும்பி அவளை மோட்டார் இல்லாத தன் மெஷினுக்கு நேராக நிறுத்தியது. தலையை நிமிர்த்தி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. பார்த்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

விளக்குப் போடும் நேரத்தில் டிரைவரின் மனைவி வந்தாள். கேட்காமலே தொட்டிலைத் திருப்பி, அடிப்பக்கத்தில் நகத்தை வைத்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.

“வரலக்கா.”

“வராது.”

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. எது மேல்பக்கம்?”

“கைப்பிடி வெளியே இருக்கிறது மேல. தலைப்பக்கத்துப் பிடியை முதல்ல மாட்டு, அப்புறம் கால்.”

“நீங்க உக்காந்து பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“யாரு பிடிச்சாங்க?”

“பட்டைதான் பிடிச்சுது” என்று சொல்லி, தொட்டிலை நான்காக மடித்து, மூலைகள் மேலே வரும்படி டிரைவர் மனைவியின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.