விலாசம் மட்டும் இருந்த பக்கம்

எங்கள் திருச்சபையின் குடும்பப் படப் புத்தகத்தைத் தயாரிக்கும் வேலையை நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். குடும்பத்துக்கு அரைப்பக்கம்: மேலே போட்டோ, கீழே பெயர்கள். கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தட்டித் தட்டிப் பழகியதுதான். அறுபது குடும்பம் ஏறியதும் ஃபைல் நகர மறுத்தது. ஒரு எழுத்தை அடித்துவிட்டு டீ குடித்து வந்தால்தான் அது திரையில் தெரியும்.

பழைய ஆபீஸ் நண்பர் போனில் வழி சொன்னார். "படத்தை ஏன் சார் உள்ள திணிக்கிறீங்க? லிங்க் குடுங்க. படம் இருக்கிற இடத்துல இருக்கட்டும், ஃபைலு அதோட விலாசத்தை மட்டும் வச்சுக்கும்."

அப்படியே செய்தேன். ஃபைல் பஞ்சாகிவிட்டது. விலாசம் என்று அவர் சொன்ன வார்த்தையை நாலு பேரிடம் சொல்லி ரசித்தேனே தவிர, அதன் அர்த்தம் எனக்கு ஏறவில்லை.

கடைசியாக வந்தது டீச்சருடைய படம். கிழக்குத் தாம்பரத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கணவர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகவில்லை. அவரும் டீச்சரும் இரண்டு பெண்களும் சேர்ந்து நிற்கிற ஒரே படம்; எடுத்த போன் மழையில் நனைந்து செத்துப்போனதால் பென் டிரைவில் மட்டுமே மிஞ்சியிருந்தது. ஸ்கூலுக்கு நேரமாகிறது என்று வாசலிலேயே நின்றார். நான் பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே படத்தை லிங்க் செய்தேன். நால்வரும் திரையில் சிரித்தார்கள்.

"ஏறிடுச்சா அண்ணா? இதுல கொஸ்டின் பேப்பர் போடணும். அழிச்சுடலாமா?"

"தாராளமா அழிங்க டீச்சர். புக்குலதான் வந்துடுச்சே."

இரண்டு நாள் கழித்து நான் ஃபைலை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்க, பல்லாவரத்து அச்சகத்தில் திறந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் வெறும் கட்டம், மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி.

"இன்னா சார் இது, பேரெல்லாம் கீது, ஆளுங்களைக் காணோம்? எல்லாரையும் வூட்லயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்றார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்.

வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சை ரசித்திருப்பேன். வீட்டுக்கு ஓடி வந்து திறந்தேன். என் கம்ப்யூட்டரில் சேமித்த படங்கள் எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. டீச்சர் பக்கத்தில் மட்டும் கட்டம். லிங்க்கைத் தேடிப் பார்த்தால், டீச்சருடைய பென் டிரைவின் விலாசம்.

போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "சின்ன சைஸ்ல கூட இல்லையா அண்ணா?" என்றார். இல்லை என்றேன். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பென் டிரைவைக் கொடுத்ததும், அழிந்ததை மீட்கும் சாப்ட்வேர் போட்டார்கள். கேள்வித்தாள்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு.

சாயங்காலம் டீச்சர் பென் டிரைவோடு வீட்டுக்கே வந்தார். "அன்னிக்கு மாதிரியே செருகிப் பாருங்களேன். எடம் தெரிஞ்சு எடுத்துக்குமோ என்னவோ."

எடுக்காது என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் செருகினேன். ஃபைலைத் திறந்ததும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"தேடுது பாருங்க," என்றார் டீச்சர், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு.

கட்டம் வந்தது. கீழே நான் அடித்த நாலு பெயர்கள்.

"நீங்க சீக்கிரமா திறந்துட்டீங்க அண்ணா. இன்னொரு வாட்டி."

ஃபைலை மூடினேன். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் திறந்தேன்.