ஒன்பதாவது தலைக்கவசம்

என் அண்ணனுக்குக் கோடு ஆகாது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சாமான் எதுவானாலும், இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு ஓடும். நாமெல்லாம் அதைக் கண்டுகொள்வதில்லை. அவர் அதை மட்டும்தான் பார்ப்பார். அவர் வீட்டுக் குவளை, முக்காலி, பிள்ளையின் பொம்மைக் கார் எதிலும் கோடு கிடையாது. புதுச் சீப்பு வாங்கினால் அண்ணி ஒளித்துவைக்கிறாள். ஒருமுறை கோட்டோடு சேர்த்துப் பல்லையும் தேய்த்துவிட்டார்.

நாடகக் கம்பெனியில் பதினேழு வருஷமாக அவருக்கு இதுதான் வேலை. தலைக்கவசம் இரண்டு பாதியாக வரும். ஒட்டினால் நெற்றியிலிருந்து பிடரிவரை வகிடு எடுத்ததுபோல் ஒரு பள்ளம் நிற்கும். அதில் பட்டி என்கிற பூச்சு மாவை வைத்து, காயவிட்டு, அரத்தால் ராவி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார். பிறகு பென்சிலால் கிறுக்கிவிட்டு மறுபடி தேய்ப்பார். கிறுக்கல் அழியாத இடம் பள்ளம். அங்கே மறுபடி பட்டி. இதற்கு நடுவில் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. கூடப்பிறந்த எனக்கே வராது.

நானும் அதே கம்பெனியில்தான் நடிக்கிறேன். குதிரையின் பின்னங்கால், கரடி, ஒருமுறை கிணறு. நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு இதற்கு வந்தேன். "மூஞ்சியே தெரியாத வேலைக்கா போற?" என்று கேட்ட அப்பா, அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஆறு வருஷம். நானும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அண்ணன் செய்வது வேலை, நான் செய்வது கூத்து. அது அப்பாவின் நியாயம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவர் ஒரே ஒரு தடவை வந்து பார்த்தால் போதும் என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏங்கினேன்.

அண்ணன் நச்சரித்து நச்சரித்து, கடைசியில் அப்பா சம்மதித்தார். நேரம் பாருங்கள், அந்த நாடகத்தில் நான் பன்னிரண்டு காவலாளிகளில் ஒருத்தி. பன்னிரண்டு பேருக்கும் ஒரே அங்கி, ஒரே ஈட்டி, முகத்தை மூடிய ஒரே கறுப்புத் தலைக்கவசம். இரண்டு மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். பெற்றவரே ஆனாலும் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நேரே அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, ஒன்பதாவது என்னோடது. அதுல மட்டும் கோட்டை அப்படியே விட்டுடு. வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரியும். நீ அப்பாவுக்குக் காட்டு."

அவர் முகம் செத்துவிட்டது.

"கோட்டையா?"

"ஆமா."

"விட்டுடணுமா?"

"அண்ணா, ஆறு வருஷம்ணா!"

தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. எனக்காக என்றுதான் நினைத்தேன்.

அன்று மாலை மேடையில் ஒன்பதாவதாக நின்றேன். அப்பா மூன்றாம் வரிசையில், பக்கத்தில் அண்ணன். கோட்டில் வெளிச்சம் பட வேண்டும் என்று தலையை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினேன். சற்று நேரம் கழித்து அந்தப் பக்கம். இப்படி ஒரு இருபது தடவை.

நாடகம் முடிந்து வெளியே வந்தால், அப்பா என்னை நோக்கி வருகிறார்.

"நாலாவதா நின்னியேம்மா, அடேயப்பா! ரெண்டு மணி நேரம் கண்ணை எடுக்கல நான். ஒரு இம்மி அசையலையே நீ!"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்த ஒன்பதாவது ஆள் யாரு?" என்றார் அப்பா. "தலையைத் திருப்பிக்கிட்டே இருந்தான். கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?"

"அவன் புதுசுப்பா," என்றேன்.

"அதானே பாத்தேன். அடுத்த சனிக்கிழமையும் வர்றேன்."

அப்பா தண்ணீர் குடிக்கப் போனதும் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு நாள் விட்டுத்தான் வச்சிருந்தேன்," என்றார். "அடிப்பூச்சுக்குப் பிரைமர் அடிச்சதும் அது என்னையே பாத்துச்சு."

"எது?"

"கோடுதான். தேய்ச்சிட்டேன். அப்பா எது நம்ம பொண்ணுன்னு கேட்டாரு. மேடையில யார் எங்க நிப்பாங்கன்னு எனக்கே தெரியல. பன்னெண்டும் அவ்வளவு சுத்தம். ஒண்ணைக் காட்டினேன்." கொஞ்சம் பெருமையும் இருந்தது அந்தக் குரலில். "இப்ப வேணா உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"சொன்னா தெரியும் சேதி!"

நாலாவது ஆள் பெரிய மீசைக்காரர். கம்பெனியில் எல்லாருக்கும் மூத்தவர். மறுநாளே அவரிடம் போய் இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"ஏம்மா, அங்க என்ன விசேஷம்?"

"எங்கப்பா அங்கதான் பாக்குறாரு."

அவர் மீசையை நீவிவிட்டுக்கொண்டார். "நிக்கலாம். ஆனா நான் நிக்கிற மாதிரி நிக்கணும். பேரைக் கெடுத்துடாதே," என்றார்.

சனிக்கிழமை நாலாவதாக நின்றேன். அப்பா அதே இருக்கையில். கவசத்துக்குள் மூக்கு அரித்தது, வியர்வை கண்ணில் இறங்கியது, முழங்கால் கெஞ்சியது. மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன்.

வெளியே அப்பா முகம் சரியாக இல்லை.

"போன வாரம் மாதிரி இல்லையேம்மா. கால் நடுங்குச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

நான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

"உடம்புல தெம்பே இல்ல உனக்கு," என்று என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். "வா, வீட்டுக்குப் போகலாம்."