நிறுவுபவரின் பதவி என்ன?

"சார், உங்க ப்ரோக்ராம் என்னை உள்ளயே வுட மாட்டேங்குது."

கள்ளக்குறிச்சியில் காய்கறிக் கடை முன்னால் குனிந்து கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வந்த போன் இது. பேசியவர் மலர்விழி டீச்சர். சொந்த ஊர் திருக்கோவிலூர். கல்வராயன் மலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியர். பள்ளியில் சிக்னல் கிடையாது. சாலை வளைவில் இருக்கும் பாறைமேல் ஏறி நின்றுதான் பேசுவார்.

"என்னம்மா கேக்குது?"

"நிறுவுபவரின் பதவி என்னன்னு கேக்குது சார். டீச்சர்னு அடிச்சேன். 'அனுமதிக்கப்படாத பதவி. உரிய அலுவலரை அணுகவும்'னு வருது."

"உரிய அலுவலர் நான்தான்மா."

"அது தெரிஞ்சுதான் சார் பாறை மேல நின்னுகினு இருக்கேன்."

கண்காணிப்பாளர் என்று அடிக்கச் சொன்னேன்.

"எனக்கு ப்ரமோஷன் வர்றதுக்குள்ள ரிட்டையர்டே ஆயிடுவேன்னு நெனச்சேன். நீங்க இன்னிக்கே குடுத்துட்டீங்க சார்."

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பார்த்த வேலை

அரசுத் துறை ஒன்றின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணினிகளில் மென்பொருள் நிறுவுவது என் வேலை என்று வீட்டில் நம்பினார்கள். உண்மையில், அனுமதி இல்லாமல் எதுவும் நிறுவப்படாமல் பார்த்துக்கொள்வதே என் வேலை. ஒருவருக்கு, எழுதிய ப்ரோக்ராமை ஓடவைக்கும் கம்பைலர் வேண்டுமென்றால் விண்ணப்பம், பரிந்துரை, ஒப்புதல், நிறுவல், நிறுவியதற்கான சான்று என்று கோப்பு வரிசையாக நகரும். கம்பைலர் வந்து சேர்வதற்குள் கேட்டவர் மாறுதலாகிப் போயிருப்பார். அந்த வரிசையை வகுத்தவன் நான். மேலதிகாரிகள் பாராட்டினார்கள். அவர்களில் யாருக்கும் கம்பைலர் தேவைப்பட்டதில்லை.

ஒருமுறை ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினேன். முடிவில், சந்தேகம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று சம்பிரதாயத்துக்குச் சொல்லி வைத்தேன். வந்திருந்த அத்தனை பேரில் மலர்விழி டீச்சர் மட்டும் அதை நம்பிவிட்டார்.

அவருடைய பள்ளியின் லினக்ஸ் கணினிகள் பழுதாகி, யாரோ வந்து எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக லினக்ஸ் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சி++ கம்பைலர் இல்லை. பைத்தானுக்கு எடிட்டர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு பிராக்டிகல் நெருங்கிக்கொண்டிருந்தது. லேப் தயாராக இருக்கிறதா என்று பார்க்கக் கல்வித் துறையிலிருந்து ஒருவர் வருவார். தயாராக இல்லையென்றால் பிள்ளைகள் மலையிறங்கிக் கச்சிராயபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் போய்த் தேர்வு எழுத வேண்டும்.

முதல் உதவி: ஸ்பைரல் பைண்டிங்

முதலில் செயல்முறைக் கையேடு ஒன்றை எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். பொருளடக்கம்கூட இருந்தது. மறுநாள் பாறையிலிருந்து போன் வந்தது.

"சார், ரெண்டாவது பக்கத்துல 'இணைய இணைப்பை உறுதி செய்க'ன்னு போட்டிருக்கீங்க. நெட்டு இருந்தா நான் ஏன் சார் உங்களக் கூப்புடறேன்?"

நியாயமான கேள்வி. எளிமைப்படுத்துவது என்று அன்று முடிவு செய்தேன். தேவையான மென்பொருள் பேக்கேஜ்கள், அவை கேட்கும் துணைப் பேக்கேஜ்கள், அந்தத் துணைகள் கேட்கும் துணைகள் எல்லாவற்றையும் கள்ளக்குறிச்சியிலேயே நெட்டிலிருந்து இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டேன். அவற்றை வரிசையாக நிறுவ ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் குறிப்பை எழுதும் அவசியமே வந்திருக்காது.

நான் நிறுத்தவில்லை. பழக்கம் விடுமா? ஒவ்வொரு பேக்கேஜுக்கு முன்னாலும் ஒரு பெட்டி வந்து, "இதனை நிறுவ ஒப்புதல் அளிக்கிறீர்களா?" என்று கேட்கும்படி செய்தேன். முதலில் நிறுவுபவர் பெயர், பதவி, நோக்கம். பதவி கண்டபடி இருக்கக்கூடாது என்று, எங்கள் அலுவலகத்தில் இருந்த பதவிகளை மட்டும் ஏற்கும்படி ஒரு சோதனை. எங்கள் அலுவலகத்தில் ஆசிரியர் கிடையாது. நடுவில் நின்றுபோனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அரைகுறைக் கோப்பு எனக்குப் பிடிக்காது.

இதற்கு 'எளிய நிறுவி' என்று பெயர் வைத்து, பென் டிரைவை பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.

மலையில்

ப்ரமோஷன் கொடுத்த மறுநாளும் போன் வந்தது. "முழுநாள் ஒக்காந்தும் ஒரு சிஸ்டம்கூட முடியல சார். கரண்டு போவுது, வருது, உங்க ப்ரோக்ராம் திரும்ப என் பேரு கேக்குது. நாளன்னைக்கு பாக்க வராங்க."

அடுத்த நாள் முதல் பஸ் பிடித்தேன். கோமுகி அணையைத் தாண்டி வண்டி மலை ஏறும்போது, போய் இறங்கியதும் டீச்சர் எங்கே தவறு செய்தார் என்று கண்டுபிடித்து அன்பாக விளக்குவதாகத் திட்டம்.

லேபில் ஒவ்வொரு கணினி முன்னாலும் ஒரு பிள்ளை உட்கார்ந்து பெட்டி வரும்போதெல்லாம் 'ஆம்' அழுத்திக்கொண்டிருந்தது. நான் ராசாத்தி என்ற மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெட்டி வந்தது, படிக்காமல் அழுத்தினாள். அடுத்த பெட்டி, அழுத்தினாள்.

"படிச்சுப் பாத்து அழுத்தும்மா" என்றேன்.

"மொதல்ல படிச்சேன் சார். எல்லாம் ஒன்னுதான்."

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது. திரும்பி வந்ததும் திரையில் முதல் பெட்டி: நிறுவுபவரின் பெயர். ராசாத்தி பெருமூச்சுகூட விடவில்லை. பெயரை அடித்து, பதவிக்கு நேராகக் கண்காணிப்பாளர் என்று அடித்தாள்.

"கீழ எக்ஸாம் வெச்சுட்டா இவள வூட்ல அனுப்ப மாட்டாங்க சார்" என்றார் டீச்சர். "ரோடே இல்லாத ஊரு. காட்டு வழியா நடந்து வந்து பஸ் புடிச்சி, கீழ போயி, எழுதிட்டு வூடு திரும்பறதுன்னா நடக்கிற கதையா?"

"எங்கப்பா இப்பவே சொல்லிட்டாரு சார்" என்றாள் ராசாத்தி, திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல். "மேலேயே நடந்தா எழுது, இல்லன்னா வுட்டுடுன்னு."

அன்பான விளக்கத்தை நான் எடுக்கவே இல்லை. ஸ்கிரிப்டைத் திறந்தேன். டீச்சர் பின்னால் நின்று பார்த்தார்.

"இந்தக் கேள்விக்கு 'இல்ல'ன்னு சொன்னா இன்னா ஆவும் சார்?"

"நின்னுடும்."

"அடுத்ததுக்கு?"

"அதுவும் நின்னுடும்."

"அப்ப லேப் வேணும்கிறவங்க யாருனா 'இல்ல'ன்னு சொல்வாங்களா?"

உத்தியோக காலம் முழுவதும் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எழுத்துப்பூர்வமாகக் கேட்கச் சொல்லியிருப்பேன்.

ஒப்புதல் பெட்டிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். முதலிரண்டுக்குக் கை தயங்கியது, பிறகு பழகிவிட்டது. நோக்கம் போனது. பெயர் போனது. பதவியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். பின்னால் டீச்சர் கனைத்தார். அதுவும் போனது. ஏற்கெனவே நிறுவியதைத் தாண்டிப் போகும்படி ஒரு வரி சேர்த்தேன். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கடைசியில் ஒரு சின்ன சி++ ப்ரோக்ராமை அதுவே கம்பைல் செய்து, ஓடினால் 'தயார்' என்று காட்டும். பாஸ்வேர்டு ஒன்றுதான் மிஞ்சியது. அதை லினக்ஸ் கேட்கிறது, நான் இல்லை.

மிச்சம் இருந்ததைப் பார்த்தால் ஓய்வு பெற்ற ஓர் அலுவலர் எழுதியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு சின்னதாக இருந்தது.

ராசாத்தியின் கணினியில்தான் முதலில் போட்டோம். பாஸ்வேர்டு அடித்தாள். அடுத்த பெட்டிக்காக விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. 'தயார்' என்று மட்டும் வந்தது.

"அவ்ளோதானா சார்?" என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. என் இத்தனை நாள் உழைப்புக்கு அந்த ஏமாற்றம் ஒன்றுதான் அஞ்சலி.

கடைசி பஸ்ஸுக்கு முன்னால் எல்லாக் கணினியும் தயார்.

அதன்பின் டீச்சரிடமிருந்து போன் இல்லை. பார்க்க வந்தவர் என்ன சொன்னாரோ என்று இருந்தது. நான் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஸ்கிரிப்ட் எங்கோ நின்றுபோய், டீச்சர் கோபத்தில் பாறைமேல் ஏறுவதையே விட்டுவிட்டார் என்று முடிவுகட்டினேன். கையேட்டின் திருத்திய பதிப்பை எழுதவும் ஆரம்பித்தேன். அப்போதுதான் கூப்பிட்டார்.

"மிஸ்டு கால் ஜாஸ்தியா இருந்துச்சு. எதுக்கு சார் கூப்ட்டீங்க?"

"சிஸ்டம் எல்லாம் சரியா இருக்கான்னு கேக்கத்தான்."

"அதுக்கா? எக்ஸாமே முடிஞ்சிடுச்சு சார். இங்கயே நடந்துச்சு."

"ராசாத்தி?"

"எழுதினா சார். அவ ப்ரோக்ராம் மொத தடவையே ஓடிச்சு."

நன்றி சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"இன்னொன்னு சார். பக்கத்து ஸ்கூல்ல கேட்டாங்க, பென் டிரைவ குடுத்தேன். அவங்களே போட்டுக்கினாங்க. எதுக்கும் உங்க நம்பரும் தரட்டான்னு கேட்டேன். தேவப்படலன்னுட்டாங்க."

இளையவர்கள் கவனிக்க: நீங்கள் செய்து கொடுத்தது எளிமையாக இருக்கிறதா என்று அறிய வேறு சோதனை கிடையாது. என் பணிக்காலத்தில் என்னைப் பற்றி மேலதிகாரிகள் எத்தனையோ ரகசியக் குறிப்புகள் எழுதினார்கள். அவற்றில் ஒன்றிலும் இவ்வளவு நல்ல வரி இருந்ததில்லை.

திருத்திய பதிப்பை மூடி வைத்தேன். அதிலும் நிறுவுபவரின் பதவியைக் கேட்டு, பட்டியலில் 'ஆசிரியர்', 'மாணவி' இரண்டையும் சேர்த்திருந்தேன்.