பத்தாம் அத்தியாயத்தின் சாவி

பேசாலை ஊரைச் சேர்ந்த மாக்கிரட் 1990 ஒக்டோபர் 9ஆம் திகதி பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தார். வெளிநாட்டவரைப் பதிந்து பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதி கொடுத்த அலுவல் அதற்கு மூன்று மாதம் முந்தியே முடிந்துவிட்டது. ஆகவே அடுத்த ஐந்தரை வருடம், இத்தாலி அரசைப் பொறுத்தவரை, அவர் பிறக்கவே இல்லை. ஊர்ப்பக்கம் மடு அகதி முகாமில் அவருடைய தாயிடம் இருந்த மகள் அனிற்றா மட்டும் வளர்ந்துகொண்டிருந்தாள். மகளைப் பார்க்கப் போனால் மாக்கிரட் திரும்பி வர முடியாது. திரும்பாவிட்டால் மகளுக்குச் சாப்பாடு இல்லை.

பொலிதேயாமா அரங்குக்கு எதிரே, மூன்றாம் மாடியில், ஒரு பேராசிரியரும் அவருடைய மனைவி சினோராவும் இருந்த வீட்டில் மாக்கிரட்டுக்கு வேலை. பேராசிரியர் அடிமைக் கப்பல்களில் நடந்த கிளர்ச்சிகளின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். விலங்கு என்ற சொல் வரும் இடமெல்லாம் அவர் குரல் தழுதழுக்கும். அப்போது தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது மாக்கிரட்டின் வேலை.

இந்த நகரில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு ஞாயிறும் வியாழன் பின்னேரமும் விடுப்பு. வியாழன்களில் அரங்கின் படிகளில் எங்கள் பெண்கள் அமர்ந்து கதைப்பதைக் காணலாம். மாக்கிரட்டை மட்டும் 1993 ஜனவரி தொடக்கம் அங்கே காணவில்லை. எழுதி முடித்த பகுதிகளைப் பேராசிரியர் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியது வியாழன் ஐந்து மணிக்கு. சுதந்திரத்தைப் பற்றிக் கேட்க வருபவர்களுக்குக் கோப்பி கொடுக்க ஆள் வேண்டுமல்லவா? அப்படிப் போன வியாழன்கள் நூற்று ஐம்பத்தைந்து. வாசிப்பு இல்லாத ஓகஸ்ட் விடுமுறை மாதங்களைக் கழித்துவிட்டேன்.

1995 கடைசியில் புதிய ஆணை வந்தது. வேலை கொடுப்பவர் கையெழுத்து வைத்தால் பதியலாம். கடைசி நாள் 1996 மார்ச் 31, குருத்து ஞாயிறு. மாக்கிரட் அந்தப் படிவத்தைப் பேராசிரியர் முன் பதினொரு தடவை வைத்தார். அவர்கள் பேசியது இத்தாலியன். மாக்கிரட் எனக்குச் சொன்ன தமிழிலேயே தருகிறேன்.

“நீ எங்கடை வீட்டுப் பிள்ளை. வீட்டுப் பிள்ளையை ஆரும் பொலிசிலை போய்ப் பதிவினமோ?” என்றார் பேராசிரியர்.

“வீட்டுப் பிள்ளையள் வியாழக்கிழமை பின்னேரம் எங்கை போறவை, புரொபசோரே?”

“சினிமாவுக்கு,” என்றார் அவர், யோசிக்காமல்.

மார்ச் 21ஆம் திகதி பத்தாம் அத்தியாயம் வாசிக்கப்பட்டது. பெண்களால் ஆபத்தில்லை என்று நம்பிய கப்டன்மார் அவர்களுக்கு விலங்கு போடாமல், மேல்தளத்தில், தங்கள் அறைக்குப் பக்கத்திலேயே விட்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் துவக்கு எங்கே, சாவி எங்கே என்று பார்த்துவைத்துக் கீழ்த்தளத்து ஆண்களுக்குச் சொன்னார்கள். சில கப்பல்களில் கிளர்ச்சி தொடங்கியதே அங்கேதான்.

“சாவி ஆரின்ரை கைக்கு எட்டும் எண்டு யோசிக்கத் தெரியாத மடையங்கள்,” என்றார் பேராசிரியர். நண்பர்கள் சிரித்தார்கள். மாக்கிரட் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார். பேராசிரியர் எதையும் தொலைப்பவர். அதனால் கையெழுத்துப் பிரதி இருந்த படிப்பறையின் ஒரே சாவி முதல் வருடத்திலிருந்தே மாக்கிரட்டின் ஏப்ரன் பையில் இருந்தது.

மார்ச் 28, வியாழன். முடிவுரை வாசிக்கும் நாள், பதிப்பாளரும் வருகிறார். மூன்று நாற்பதுக்கு மாக்கிரட் கோப்பைகளை அடுக்கினார், கோப்பியைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி மூடினார், படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து மேலே பேனையை வைத்தார். பிறகு படிப்பறையைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அரங்கின் படிகளுக்குப் போனார். அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் வேலை செய்யும் குகனேஸ்வரி தள்ளி இடம் விட்டார்.

“என்னடி, வேலையாலை நிப்பாட்டிப் போட்டினமோ?”

“இல்லை. இண்டைக்கு வியாழன்.”

“அது எங்களுக்கெல்லோ. உனக்கு அது கப்பல் ஓடுற நாள்.”

“ஓம். இண்டைக்கு ஓடாது.”

ஐந்து பத்துக்குப் பேராசிரியர் வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து வந்தார்.

“மாக்கிரட், சாவி. பதினாலு பேர் கதவைப் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

“கடுதாசி மேசையிலை இருக்கு.”

“இது மிரட்டல்.”

“போன கிழமை இதுக்கு நீங்கள் வேறை பேர் வாசிச்சனீங்கள்.”

குகனேஸ்வரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பேராசிரியர் திரும்பிப் போனார். ஐந்து இருபத்துநாலுக்குப் படிவத்தோடு வந்தார். மாக்கிரட் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“இரண்டாம் பக்கத்திலையும் வைக்கவேணும்.”

மாக்கிரட்டின் கைப்பையை மேசையாக்கி அவர் இரண்டாவது கையெழுத்தையும் வைத்தார். அதன் பிறகுதான் சாவி கை மாறியது.

“கோப்பி?”

“போத்தலிலை இருக்கு. மூடியை இடப்பக்கம் திருகவேணும். சினோராவுக்குச் சொல்லுங்கோ.”

மறுநாள் விடிய முன்னரே மாக்கிரட் குவெஸ்துரா என்னும் பொலிஸ் தலைமையகத்தின் வரிசையில் நின்றார். கிடைத்த இலக்கம் 212. பெர்மெஸ்ஸோ செப்ரெம்பரில் வந்தது. டிசம்பரில் மடுவுக்குப் போனார். அனிற்றா அவரை முதலில் ‘அன்ரி’ என்று கூப்பிட்டாள். அதைப் பற்றி மாக்கிரட் ஒரு தடவைதான் சொன்னார். நான் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த வருடம் மகளையும் இங்கே எடுப்பித்துவிட்டார்.

திருத்திய பகுதிகளின் வாசிப்பு புதன்கிழமைக்கு மாறியது. புத்தகம் 1997இல் வெளியானது. தன் எழுத்துக்கு ஒருநாளும் இடையூறு செய்யாத வீட்டாருக்குப் பேராசிரியர் முன்னுரையில் நன்றி சொல்லியிருக்கிறார். பின்னிணைப்பில் முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிளர்ச்சிகள் திகதியோடு வரிசையாக உள்ளன. விடுபட்ட ஒன்றை இங்கே பதிகிறேன்.

393. 28 மார்ச் 1996, மூன்றாம் மாடி. பங்குகொண்டவர் ஒருவர். ஆயுதம், சாவி ஒன்று. சேதம்: பதினான்கு பேர் தங்கள் கோப்பியைத் தாங்களே ஊற்றிக் குடித்தார்கள்.