இரண்டு லிட்டர் தண்ணீர்

அந்த டாக்டரம்மாவின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அம்மாவுக்கு மறுபடியும் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்து, நெல்லித்தோப்பிலிருந்து ஆட்டோவில் போயிருந்தோம். நான் அப்போது ஆறாம் வகுப்பு.

“தண்ணி குடிக்கக்கூட சோம்பேறித்தனமா ஒனக்கு? கிட்னி போயிட்டா இந்தப் பொண்ண யாரு பாப்பா?” என்று எரிந்து விழுந்தவர், என் பக்கம் திரும்பி, “இனிமே நீதான் குடிக்க வெக்கணும்” என்றார். அவர் நாற்காலிக்குப் பின்னால் அவருக்கென்றே ஒரு கழிவறை இருந்தது. அம்மா “சரிங்க” என்றதோடு சரி.

எனக்கோ பெரிய பதவி கிடைத்துவிட்ட மிதப்பு. சனிக்கிழமை காலையிலேயே, கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இரண்டு லிட்டர் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு, அம்மா மீன் விற்கும் தெருமுனைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவள் திரும்ப மூன்று மணியாகும். நடுவில் ஒதுங்க அங்கே இடமே கிடையாது. ஆண்களுக்கு மட்டும் சுவர் இருந்தது. எதிர் ஜவுளிக்கடையில் ஒருமுறை கேட்டதற்கு, மீன் நாறுகிறது என்று விரட்டியிருக்கிறார்கள். அதன்பிறகு எவனிடமும் வாய்திறந்து கேட்பதில்லை என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். தாகம் எடுத்தால் வெற்றிலை போட்டுக்கொள்வாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை.

“வூட்டுக்குப் போயி குடிக்கிறேன்டி” என்றாள். நான் விடவில்லை. “எம்மேல சத்தியமா குடி” என்று அழுது ஊரைக் கூட்டினேன். பத்து மணிக்குள் பாட்டிலைக் காலி செய்யவைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் சரியாகவே இல்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், விலை கேட்டவர்களிடம் சள்ளென்று விழுந்தாள். யாருக்கோ வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. சட்டென்று, மீன் கழுவிய பக்கெட்டை இழுத்து மடியில் கவிழ்த்துக்கொண்டாள். “ஐயய்யோ, கை தவறிடுச்சி” என்று சத்தமாகச் சிரித்தாள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு மானமே போனது. “அறிவே இல்லம்மா ஒனக்கு” என்று கத்தினேன். மூன்று மணிவரை அந்த ஈரப் புடவையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம், “எங்கம்மா ரெண்டு லிட்டரும் குடிச்சிடிச்சி” என்று பீற்றிக்கொண்டேன்.

“பாத்தியா, மனசு வெச்சா முடியுதுல்ல?” என்றார் அம்மாவிடம்.

நான் அதோடு நிறுத்தவில்லை. பக்கெட் கதையையும் சொன்னேன். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார், நானும் சிரித்தேன். அம்மாவும் எங்களோடு சிரித்தாள். கை ஒன்றும் தவறவில்லை, புடவை அதற்கு முன்பே நனைந்திருந்தது என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.